பரீட்சை அட்டையும் ரெண்டு தீப்பெட்டியும்: ஒரு பொருள் எப்போது நகரும்?

சும்மா கிடக்கிற பொருளின் மேல் எந்த விசையும் இல்லை என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். மேசை மேல் இருக்கிற தீப்பெட்டியைப் பூமி கீழே இழுத்துக்கொண்டே இருக்கிறது, மேசை அதே அளவுக்கு மேலே தாங்குகிறது, ரெண்டும் சரிக்குச் சரி, அதனால் அசையவில்லை. இந்தக் கணக்கு எங்கே உடைகிறது என்பதை வீட்டிலேயே அளந்துவிடலாம்.

தேவையானவை: கிளிப் வைத்த பரீட்சை அட்டை, ஒரே மாதிரி ரெண்டு தீப்பெட்டி (குச்சிகளை வேறு டப்பாவில் கொட்டிவிடுங்கள்), கொஞ்சம் சில்லறை, அழிரப்பர், ஸ்கேல்.

படி 1: ஒரு பெட்டியில் சில்லறையை நிரப்பி மேசையில் வைத்து, விரலால் மெல்லத் தள்ளுங்கள், நகராத அளவுக்கு மெல்ல. நீங்கள் தள்ளுகிறீர்கள், ஆனாலும் அது அப்படியே இருக்கிறது என்றால் யாரோ எதிர்ப்பக்கம் தள்ள வேண்டுமே? அதுதான் உராய்வு. இதில் ஒரு வேடிக்கை பாருங்கள், விரலை எடுத்த அந்த நொடியே உராய்வும் காணாமல் போகிறது, இல்லாவிட்டால் பெட்டி தானாகவே உங்களை நோக்கி நகர வேண்டியிருக்கும். நீங்கள் எவ்வளவு தள்ளுகிறீர்களோ அவ்வளவுதான் அது திருப்பித் தள்ளும். ஆனால் அதற்கும் ஒரு எல்லை உண்டு. அந்த எல்லையைத்தான் அளக்கப்போகிறோம்.

படி 2: காலிப் பெட்டியை அட்டையின் மேல்முனையில், உரசும் பக்கம் அட்டையில் படாதபடி படுக்க வைத்து, அந்த முனையை மெதுவாகத் தூக்குங்கள். எனக்கு முதல் தடவை அட்டையே வழுக்கிக்கொண்டு போய்விட்டது, அதனால் கீழ்முனைக்கு ஒரு தடிப் புத்தகத்தை முட்டுக்கொடுங்கள். சாய்வு கூடக் கூட எடையில் சரிவை நோக்கி இழுக்கிற பங்கு கூடுகிறது, அட்டையை அழுத்துகிற பங்கு குறைகிறது. ஒரு கட்டத்தில் பெட்டி நழுவும். அங்கேயே நிறுத்துங்கள்.

படி 3: தூக்கிய முனையின் உயரத்தை, அதற்கு நேர் கீழே உள்ள புள்ளியிலிருந்து அட்டையின் கீழ்முனை வரையுள்ள தூரத்தால் வகுங்கள். உயரம் 12 செ.மீ., தூரம் 32 செ.மீ. என்றால் 0.375. பாடப்புத்தகத்தில் பயமுறுத்துகிற ‘ஓய்வுநிலை உராய்வுக் குணகம்’, அதாவது அட்டையை அழுத்துகிற விசையில் உராய்வின் எல்லை எத்தனை பங்கு என்கிற எண், இவ்வளவுதான். நாலைந்து தடவை செய்து சராசரி எடுங்கள், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறத்தான் செய்யும்.

படி 4, எனக்கு ரொம்பப் பிடித்தது. காலிப் பெட்டியையும் சில்லறைப் பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தூக்குங்கள். எது முதலில் நழுவும் என்று வீட்டில் இருப்பவர்களிடம் பந்தயம் கட்டிவிட்டுத் தூக்கினால் இன்னும் நல்லது, ஏனென்றால் ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே சாய்வில்தான் நழுவும். எடை நாலு மடங்கானால் இழுப்பும் நாலு மடங்கு, அட்டையை அழுத்துவதும் நாலு மடங்கு, அழுத்தம் கூடினால் உராய்வின் எல்லையும் அதே அளவு கூடிவிடுகிறது. உராய்வு எடைக்கு ஏற்றபடி கூடும் என்பதை பிரான்ஸ் நாட்டு கியோம் அமோந்தோன் 1699-லேயே எழுதிவைத்துவிட்டார்.

படி 5: நழுவும் சாய்வுக்குக் கொஞ்சம் முன்பே நிறுத்தி, அட்டையை விரலால் சுண்டுங்கள். அதுவரை சமர்த்தாக இருந்த பெட்டி கிளம்பி அடிவரை போய்விடும். நகர ஆரம்பித்துவிட்டால் உராய்வு குறைந்துவிடுகிறது, இதற்கு ‘இயக்க உராய்வு’ என்று பெயர். பீரோவை நகர்த்தியவர்களுக்குத் தெரியும், முதல் தள்ளுக்குத்தான் மூச்சு வாங்கும்.

அப்புறம் அழிரப்பரை வைத்துப் பாருங்கள். என்னுடையது 45 டிகிரி தாண்டியும் ஒட்டிக்கொண்டிருந்தது, அதாவது குணகம் 1-க்கு மேல். கேரம் போர்டில் தூவுகிற மாதிரி அட்டையில் துளி பவுடர் தூவிவிட்டு மறுபடி தூக்கினால் எண் இறங்கும். அட்டை வீட்டுப் பிள்ளையுடையது என்றால் மறுநாள் பரீட்சைக்கு முன்னால் நன்றாகத் துடைத்துக் கொடுத்துவிடுங்கள்.