பழைய ரிமோட் டாங்கி: திருத்துவதா, அப்படியே வைப்பதா?

வெளிநாட்டுச் சித்தப்பா கொண்டுவந்தது, மத்திய கிழக்கில் வேலை செய்த அப்பா சாமான் பெட்டிக்குள் வைத்து அனுப்பியது என்று நம் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து வீடுகள் சிலவற்றில் அலுமாரிக்கு மேலே ரிமோட்டில் ஓடும் பழைய விளையாட்டு யுத்த டாங்கி ஒன்று கிடக்கும். அதை இறக்கியவுடன் புதுப் பற்றறி போட்டு சுவிட்சைத் தட்டிப் பார்க்கத்தான் எல்லோருக்கும் கை போகும். ஓடினால் நல்ல சாமான், ஓடாவிட்டால் குப்பை என்று முடிவு கட்டிவிடுவார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஓடாத டாங்கியில் கெட்டுப்போயிருப்பது அநேகமாக இன்றைக்கும் காசு கொடுத்து வாங்கக்கூடிய வயரும் போர்டும்தான். நன்றாக ஓடுகிற டாங்கியிலோ எங்கே தேடினாலும் கிடைக்காத ஒரு சில்லு இல்லாமல் இருக்கலாம். அதோடு, இறுகிப்போன கியரோடு மின்சாரம் கொடுத்தால் மோட்டர் சுற்ற முடியாமல் சூடேறி, நல்லாயிருந்த போர்டையும் சேர்த்து எரித்துவிடும்.

பற்றறிப் பெட்டியை மட்டும் திறந்து பாருங்கள். உள்ளே வெள்ளைப் பொடியோ பச்சைக் களிம்போ இருந்தால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கண்ணில் படக்கூடாது. அல்கலைன் பற்றறியும், டாங்கிகளில் வந்த 7.2 வோல்ட் நிக்கல் கட்மியம் பொதியும் கசிந்தால் வருவது காரம். அதற்கு வினாகிரியோ தேசிக்காய்ப் புளியோ பஞ்சில் தொட்டுத் துடைத்து, பிறகு ஈரத்துணியால் ஒற்றி, கடைசியில் ஸ்பிரிட் போட்டுக் காயவிட்டால் சரி. தகட்டை விட முக்கியமானது வயர். கசிவு வயரின் உறைக்குள்ளேயே ஊர்ந்து போகும். ஒரு சென்ரிமீற்றர் உரித்துப் பாருங்கள், செம்பு கறுத்திருந்தால் ஈயம் ஒட்டாது, நல்ல செம்பு வரும்வரை வெட்ட வேண்டும், வராவிட்டால் முழு வயரையும் மாற்ற வேண்டும். இது மலிவான வேலை, இதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். பழைய கட்மியம் பொதியைக் குப்பையோடு கொளுத்துவதும் வாவிக்குள் எறிவதும் மட்டும் கூடாது, கட்மியம் நஞ்சு.

அடுத்தது, இது யார் செய்த டாங்கி? வயிற்றுப் பக்கம் திருப்பினால் பெயர் இருக்கும். ஜப்பானின் சிசுவோகாவில் இருக்கும் தமியா நிறுவனம் 1/16 அளவு, அதாவது உண்மையான டாங்கியில் பதினாறில் ஒரு பங்கு அளவு, ரிமோட் டாங்கிகளை 1974-லேயே தொடங்கிவிட்டது. அவை பெட்டிக்குள் துண்டு துண்டாக வந்து, வாங்கியவர் கையாலேயே பூட்டியவை. அப்படி ஒன்று கிடைத்தால் ஒரு திருகாணியையும் கழற்ற முன்னம் நாலு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். பின்னால் வந்த ஹெங்லோங் போன்ற சீன டாங்கிகள், பூட்டிய நிலையிலேயே வந்து 6 மில்லிமீற்றர் பிளாஸ்டிக் குண்டு சுடுகிறவை, திருத்த மிகவும் இலகு. கியர்ப்பெட்டி, சில்லுகளைச் சுற்றி ஓடும் சங்கிலி, சில்லு எல்லாம் இன்னும் செய்து விற்கிறார்கள். பெயரே இல்லாவிட்டால் அடிக்கட்டு நீளத்தை, குழலை விட்டுவிட்டு, அளந்து பாருங்கள். உண்மையான ஷேர்மன் டாங்கி 5.8 மீற்றர் அளவு, டைகர் 6.3 மீற்றர் அளவு, ஆகவே 1/16-ல் ஷேர்மன் 36 சென்ரிமீற்றருக்குக் கிட்டவும் டைகர் 39 சென்ரிமீற்றருக்குக் கிட்டவும் வரும். இந்தக் கணக்கோடு ஒத்துப்போனால் வெளியில் விற்கிற பாகங்கள் பொருந்த வாய்ப்பு உண்டு. ஒத்துவராத, பெயரில்லாத விளையாட்டு டாங்கிக்கு உடைந்த பாகத்தை நீங்களே வார்த்தோ செதுக்கியோதான் ஆகவேண்டும்.

இப்போது முடிவைத் தீர்மானிக்கிற இடத்துக்கு வருவோம்: சங்கிலி, சில்லு, கியர்.

பழைய றப்பர் சங்கிலியை மெதுவாக வளைத்துப் பாருங்கள். நம் கடற்கரை வெக்கையில் அது கல்லாக இறுகி வெடித்திருக்கும், அல்லது இளகிப் பிசுபிசுத்திருக்கும். இளகிய றப்பர் வருஷக்கணக்கில் பிளாஸ்டிக்கைத் தொட்டுக்கொண்டே இருந்தால் அந்த இடத்தையே அரித்துக் குழி விழுத்திவிடும். அதனால் சங்கிலியைக் கழற்றி அது தொட்டிருந்த இடத்தைத் தடவிப் பாருங்கள். இறுகிய சங்கிலியைச் சூடுநீரில் போட்டு ஒருதரம் இளக்கலாம்தான், ஓடவிட்டால் மறுபடி வெடிக்கும், காட்சிக்கு வைப்பதென்றால் போதும். மாற்றுச் சங்கிலி வாங்குவதானால் கண்ணி இடைவெளி, சங்கிலியை இழுக்கும் பல்சில்லின் பல்லோடு சேருமா என்று அளந்த பிறகுதான் காசு அனுப்ப வேண்டும். சில்லுகளை ஒவ்வொன்றாக எண்ணுங்கள், இடமும் வலமும் சமமா என்று பாருங்கள். ஒரு சில்லு இல்லாவிட்டால் மற்றதை மாதிரியாக வைத்து வார்க்கலாம். ஒரு பக்கச் சில்லுகள் முழுக்கவும் இல்லையென்றால் அந்த டாங்கி இன்னொரு டாங்கிக்கு உதிரிப்பாகம் கொடுக்கத்தான் உதவும்.

கியரைச் சோதிக்க மோட்டர் வயரைப் போர்டிலிருந்து கழற்றிவிட்டு, இரண்டு 1.5 வோல்ட் பற்றறியை, அதாவது 3 வோல்ட்டை, மோட்டரில் நேரே தொட்டுப் பாருங்கள். அதற்கு முன் பல்சில்லைக் கையால் சுற்ற வேண்டும். அசையாவிட்டால் பழைய கிறீஸ் மெழுகாகக் கட்டியிருக்கலாம், பிரித்துச் சுரண்டிக் கழுவிப் புதுக் கிறீஸ் போட்டால் அநேகமாக உயிர் வரும். மோட்டர் சத்தம் வருகிறது, சில்லு சுற்றவில்லை, அல்லது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ‘டக்’ கேட்கிறது என்றால் மோட்டர் அச்சில் ஏறியிருக்கும் சின்னப் பிளாஸ்டிக் பல்சில்லு வெடித்திருக்கும். பழைய டாங்கிகளில் அடிக்கடி காணும் வருத்தம் இது. அச்சின் விட்டத்தையும் பல்லின் எண்ணிக்கையையும் எடுத்துக்கொண்டு போனால் பித்தளையில் மாற்று தேடலாம். பசை போட்டு ஒட்டாதீர்கள், நிற்காது. பெட்டிக்குள்ளே பெரிய பற்கள் தேய்ந்து மொட்டையாகிவிட்டதென்றால் முழுக் கியர்ப்பெட்டியும் கிடைக்கிற மொடலா என்பதுதான் கேள்வி.

போர்டுக்கு இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை. பழையவற்றில் அநேகமானவை 27 மெகாஹேட்ஸ் அலைவரிசையில் வேலை செய்யும். ரிமோட்டிலும் டாங்கியிலும் ஒரே நிறக் குறியுள்ள கிறிஸ்டல், அதாவது அலைவரிசையைத் தீர்மானிக்கிற சின்னப் பாகம், இருக்கிறதா என்று பாருங்கள், மஞ்சள் என்றால் 27.145. ரிமோட் தொலைந்திருந்தாலும் பயமில்லை. இரண்டு மோட்டர் டாங்கிக்கு 2.4 கிகாஹேட்ஸ் ரிசீவரும் இரண்டு வேகக் கட்டுப்பாட்டுப் போர்டும் போட்டுவிடலாம், கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் போகிறவரிடம் சொல்லிவிடலாம், இணையத்திலும் எடுக்கலாம். கழற்றிய பழைய போர்டை எறியாமல் பையில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள்.

கடல் தண்ணீர் குடித்த டாங்கி தனிக் கதை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கல்லடி, நாவலடி, கல்முனைக் கரைகளில் மணலுக்குள்ளிருந்து எடுத்து வைத்த சாமான்கள் இன்னும் வீடுகளில் இருக்கின்றன. உள்ளே உப்பு இருக்கும்வரை இரும்பும் செம்பும் அரிபட்டுக்கொண்டே இருக்கும். அப்படியான டாங்கியை முழுக்கப் பிரித்து நல்ல தண்ணீரில் பல தரம் அலசி, மோட்டரையும் போர்டையும் நட்டமென்றே கணக்கெடுங்கள். ஆனால் அது போன ஒரு பிள்ளையின் கையில் இருந்த சாமான் என்றால் திருத்தும் பேச்சை எடுக்க முன்னம் அந்தத் தாயிடமோ தகப்பனிடமோ கேளுங்கள். கீறலும் கறையும் அப்படியே இருக்கட்டும் என்று அவர்கள் சொன்னால் உப்பை எடுத்து, துரு பரவாமல் நிறுத்தி, திருப்பிக் கொடுப்பதுதான் சரியான வேலை. இயந்திரச் சத்தம் போடுகிற சத்தப் பெட்டியையும் யோசியுங்கள். உண்மையான டாங்கி வீதியால் போனதைக் கேட்டு வளர்ந்தவர்கள் வீட்டில் இருக்கிறார்கள், சத்த வயரைக் கழற்றிவிட்டு ஓட்டினாலும் டாங்கி வடிவாகத்தான் ஓடும்.

சரி, என் கணக்கு இப்படி. உடலும் சில்லுகளும் முழுசாக, கியர் நல்லதாக இருந்தால் மற்றதெல்லாம் கெட்டிருந்தாலும் திருத்துங்கள். சங்கிலி மட்டும் போயிருந்து, மாற்றுக் கிடைக்கிற மொடல் என்றால் அதையும் திருத்துங்கள். கியரும் போய் சங்கிலியும் போய்ப் பெயரும் இல்லாவிட்டால் துடைத்து அலுமாரியில் வையுங்கள். 70-களின் தமியா, அதுவும் பழைய பெயின்ற்றோடு, பெட்டியோடு, கையேட்டோடு இருந்தால் மறுபெயின்ற் அடிக்கவே கூடாது. சேகரிப்பவர்கள் தேடுவது அந்தப் பழைய பெயின்ற்றைத்தான். அதை ஓட்ட ஆசையென்றால் எதையும் துளைக்காமல், திருப்பிக் கழற்றக்கூடியதாக மட்டும் மாற்றுங்கள்.

வேலையை வறண்ட கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் வைத்துக்கொள்ளுங்கள். மாரி ஈரத்தில் அடிக்கிற பெயின்ற் வெளிறிப் பால்போல் படரும், கழுவிய பாகமும் உள்ளே காயாது. அதுவரைக்கும் பற்றறியைக் கழற்றி, சங்கிலியை உடம்பில் படாமல் தனியாகக் கடதாசியில் சுற்றி, மூடியுள்ள பெட்டிக்குள் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். கழற்றிய திருகாணிகளை எந்த இடத்துத் திருகாணி என்று எழுதி வேறுவேறு பைகளில் போடுங்கள்.