படகு டிரெய்லரின் சக்கர பேரிங்குகள்: வீட்டிலேயே திறந்து பார்த்துப் பராமரிக்கும் முறை

காரின் சக்கர பேரிங் பல ஆண்டுகள் யாரும் தொடாமலே ஓடிக்கொண்டிருக்கும். படகு டிரெய்லரின் பேரிங்குக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓடிச் சூடேறிய ஹப் (பேரிங்குகளைத் தன்னுள் கொண்டு சக்கரத்தோடு சுழலும் நடுப்பகுதி), படகை இறக்கும் சரிவில் குளிர்ந்த நீருக்குள் மூழ்கும்போது, அதனுள் விரிந்திருந்த காற்று சட்டென்று சுருங்குகிறது. அந்தச் சுருக்கம், தண்ணீரைத் தடுக்கும் வளையமான பின்பக்க சீலின் விளிம்பு வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்கிறது. சீல் சற்றே தேய்ந்திருந்தாலும் இது ஒவ்வொரு பயணத்திலும் நடக்கும்.

உள்ளே போன தண்ணீர் டிரெய்லர் ஓடும் நாட்களில் செய்யும் கேட்டைவிட, அது அசையாமல் நிற்கும் மாதங்களில் செய்யும் கேடு பெரிது. நான் வாழும் ஆஸ்திரேலியாவில் பலர் கோடைப் பருவம் தொடங்குவதற்குச் சற்று முன்பு, அக்டோபர் வாக்கில்தான் பேரிங்குகளைத் திறக்கிறார்கள். ஒரு வருடம் நானும் அப்படித் தள்ளிப்போட்டேன். திறந்தபோது, குளிர்காலம் முழுவதும் உருளைகள் நின்றிருந்த இடங்களிலெல்லாம், அவை ஓடும் வெளி வளையமான கப்பின் உட்புறத்தில் துருக் கோடுகள் வரிசையாகப் பதிந்திருந்தன. புதிய கிரீஸ் எவ்வளவு வைத்தாலும் அந்தக் கோடுகள் மறையாது. அவற்றின் மேல் உருளைகள் ஓட ஓட உலோகம் செதில் செதிலாக உரியும். ஆகவே இந்த வேலைக்கு உரிய காலம், கடைசிப் பயணம் முடிந்து டிரெய்லரை ஒதுக்கி நிறுத்துவதற்கு முந்தைய வாரம் என்பதே என் உறுதியான கருத்து. பயணங்கள் குறைவாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒரு முறை திறந்தே ஆக வேண்டும்.

டிரெய்லரைச் சமதளத்தில் நிறுத்தி, எதிர்ப்பக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்திய பிறகு ஜாக்கியால் தூக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யக் கூடாது; பாரம் தாங்கும் ஸ்டாண்டின் மேல் சட்டத்தை உட்கார வைத்த பின்பே சக்கரத்தைத் தொட வேண்டும். கழற்றுவதற்கு முன், சக்கரத்தின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். மிக நுண்ணிய அசைவு இருக்கலாம். தெளிவாக ஆடினால் ஆக்சில் முனையிலுள்ள நட் தளர்ந்திருக்கிறது அல்லது பேரிங் தேய்ந்திருக்கிறது. பிறகு சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, மறு கையை ஸ்பிரிங் பட்டையின் மேல் வையுங்கள். காதுக்கு எட்டாத கரகரப்பும் அங்கே விரலுக்குத் தெரியும்.

சக்கரத்தையும் தூசு மூடியையும் எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது கிரீஸின் நிறம். பால் கலந்தது போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. கருகித் தார் போல இறுகியிருந்தால் மிகையாகச் சூடேறியிருக்கிறது. நட் கழலாமல் தடுக்கும் காட்டர் பின்னை எடுத்து, நட்டையும் வாஷரையும் கழற்றி, வெளி பேரிங் கீழே விழாமல் உள்ளங்கையில் ஏந்தியபடி ஹப்பை இழுத்தால் வந்துவிடும். பின்பக்க சீலை நெம்பி எடுத்தால் உள் பேரிங்கும் கைக்கு வரும். பழைய சீலை மறுபடி பயன்படுத்த வேண்டாம். எந்த பேரிங் எந்தக் கப்பில் ஓடியது என்பதைக் குறித்து வையுங்கள், ஏனெனில் ஒன்றோடொன்று பழகித் தேய்ந்த ஜோடியை மாற்றிப் போட்டால் இரண்டும் கெடும்.

மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய கிரீஸ் துளியும் இல்லாமல் கழுவி, நூல் உதிராத துணியால் துடைத்து உலரவிடுங்கள். காற்றழுத்தக் குழாயால் பேரிங்கைச் சுழலவிட்டு உலர்த்துவது ஆபத்தானது. உருளைகள் தங்களைப் பிடித்திருக்கும் கூட்டைப் பிய்த்துக்கொண்டு தெறிக்கக்கூடும். நல்ல வெளிச்சத்தில் ஒவ்வோர் உருளையையும் திருப்பிப் பாருங்கள். சீரான சாம்பல் மெருகு கவலைக்குரியதன்று. ஊசி குத்தியது போன்ற குழிகள், செதில் உரிந்த இடங்கள், நகம் தட்டும் கோடுகள், வெப்பத்தால் ஏறிய நீல நிறம், நெளிந்த கூடு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த பேரிங்கின் ஆயுள் முடிந்தது. அப்போது கப்பையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஆக்சிலில் சீல் உரசும் வளையத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். அங்கே பள்ளம் விழுந்திருந்தால் எவ்வளவு நல்ல சீல் போட்டாலும் தண்ணீர் புகும். பலரும் பார்க்காமல் விடும் இடம் இது.

வாங்கும்போது பேரிங்கின் முகத்தில் பொறித்த எண்ணைக் கொண்டுபோவதே பிழையற்ற வழி. இங்குள்ள சிறிய டிரெய்லர்களில் ஹோல்டன் வகை, ஃபோர்டு வகை என்று கார்களின் பெயரால் அழைக்கப்படும் இரண்டு அளவுகள் பரவலாக உள்ளன. முன்னதில் வெளி பேரிங்கின் துளை ஏறத்தாழ 19 மி.மீ., பின்னதில் 22 மி.மீ. பழைய கப்பைப் பின்புறத்திலிருந்து பித்தளைக் கம்பியால் இரு பக்கமும் மாறி மாறித் தட்டி வெளியேற்றலாம். புதியதையும் கோணாமல் சுற்றிலும் தட்டி இறக்குங்கள்; அடியில் முழுவதும் அமர்ந்ததும் சுத்தியல் ஓசை கனத்து மாறுவது தெளிவாகக் கேட்கும்.

கிரீஸ் கடல்நீரைத் தாங்கும் வகையாகவும், என்.எல்.ஜி.ஐ. 2 தரமாகவும் (கிரீஸின் கெட்டித்தன்மையைக் குறிக்கும் எண்) இருக்கட்டும். வெவ்வேறு அடிப்பொருள் கொண்ட கிரீஸ்கள் கலந்தால் சில நீர்த்து ஒழுகிவிடும் என்பதால்தான் பழையதைத் துளியும் விடாமல் கழுவச் சொன்னேன். உள்ளங்கையில் ஒரு கட்டி கிரீஸை வைத்து, பேரிங்கின் அகன்ற பக்கத்தை அதன் விளிம்பில் அழுத்தி அழுத்தி இழுத்தால், உருளைகளின் இடையே புகுந்து மறுபக்கத்தில் புழுப் புழுவாக வெளிவரும். சுற்று முழுவதும் அப்படி வரும்வரை பொறுமையாகச் செய்யுங்கள். மேலே மட்டும் பூசிய பேரிங் உள்ளே வறண்டே ஓடும். உள் பேரிங்கை வைத்த பின், புதிய சீலின் உதடு கிரீஸ் இருக்கும் உட்புறத்தை நோக்கியிருக்குமாறு, ஒரு மரக்கட்டையை மேலே வைத்துச் சமமாகத் தட்டி இறக்குங்கள். பிரேக் உள்ள டிரெய்லராக இருந்தால் டிரம்மிலோ லைனிங்கிலோ கிரீஸ் படக் கூடாது.

ஹப்பை ஆக்சிலில் மாட்டிய பின் அதன் நட்டை இறுக்குவதில்தான் புதியவர்கள் அதிகம் தவறுகிறார்கள். இறுக்கமே பாதுகாப்பு என்று எண்ணி முறுக்கிவிட்டால், உருளைகள் விரிவதற்கு இடமில்லாமல் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். தயாரிப்பாளரின் குறிப்பு கையில் இருந்தால் அதையே பின்பற்றுங்கள். பொதுவாக, ஹப்பைக் கையால் சுழற்றியபடியே சுமார் 68 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்க வேண்டும். இது பேரிங்குகளை இருக்கையில் அமர்த்துவதற்காக மட்டுமே. பிறகு ஹப்பைச் சுழற்றாமல் நட்டை முழுவதும் தளர்த்தி, விரல்களால் மட்டும் திருகி நிற்கும் இடத்தில் விடுங்கள். காட்டர் பின் துளை நேர்ப்படவில்லையென்றால், அடுத்த பள்ளம் வரும்வரை தளர்த்த வேண்டுமே தவிர இறுக்கக் கூடாது. ஹப்பை ஆக்சில் வாக்கில் இழுத்துத் தள்ளினால் 0.025 முதல் 0.25 மி.மீ. வரை அசைவு இருக்கலாம். காட்டர் பின் எப்போதும் புதியதாக இருக்கட்டும்.

தூசு மூடிக்குப் பதிலாக, ஸ்பிரிங் அழுத்தத்தால் உள்ளே கிரீஸைத் தாங்கி நிறுத்தும் ‘பேரிங் பட்டி’ (Bearing Buddy) போன்ற மூடிகள் உண்மையிலேயே பயன் தருபவை. ஆனால் கிரீஸ் துப்பாக்கியால் அளவுக்கு மீறி அடித்தால் பின்பக்க சீல் பிதுங்கிவிடும். அவை இருப்பதால் ஆண்டுதோறும் திறந்து பார்ப்பதைக் கைவிடவும் முடியாது.

முதல் 50 கி.மீ.க்குள் ஒரு முறை நிறுத்திச் சக்கர நட்டுகளை மீண்டும் இறுக்கிவிட்டு, எல்லா ஹப்புகளையும் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இயல்பானது. ஒன்று மட்டும் மற்றவற்றைவிடக் கொதித்தால் பயணத்தைத் தொடர வேண்டாம். கடற்கரையை அடைந்ததும் கயிறுகளை அவிழ்ப்பது, மீன்பிடிச் சாமான்களை ஏற்றுவது போன்ற வேலைகளை முதலில் முடித்து, ஹப் ஆறுவதற்கு இருபது நிமிடமாவது கொடுத்த பிறகே தண்ணீரில் இறக்குங்கள். நீண்ட பயணங்களில், கிரீஸ் வைத்து முடித்த முழு ஹப் ஒன்றை நெகிழிப் பையில் சுற்றி, புதிய காட்டர் பின்னோடும் டிரெய்லரின் உயரத்துக்குப் பொருந்தும் ஜாக்கியோடும் காரில் வைத்திருப்பது என் வழக்கம். பேரிங் வழியில் கெட்டாலும், ஆக்சில் முனை பழுதாகாதவரை, சாலையோரத்திலேயே மாற்றிக்கொண்டு வீடு திரும்பிவிடலாம்.