போன வருட ஃபைலைத் திறப்பதற்கு முன்

ஆடிட் வேலைக்குப் புதிதாக வரும் ஆர்டிகிள் பிள்ளைகளிடம் (சிஏ பயிற்சி மாணவர்களிடம்) நான் முதலில் சொல்வது: போன வருட ஃபைலை உடனே திறக்காதீர்கள்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. குடோனில் நகராமல் கிடந்த நூலின் மதிப்பை எவ்வளவு குறைப்பது என்று முடிவு செய்ய வேண்டும். பழைய ஃபைலில் 5 சதவீதம் என்றிருந்தது. நான் 4 போடலாமா, 6 போடலாமா என்று அதையே சுற்றி வந்தேன். அடுத்த வருடம் அந்த நூல் பாதி விலைக்குத்தான் போனது. மூட்டைகளில் படிந்திருந்த தூசியை நேரில் பார்த்தவன் நான். இருந்தும் ஃபைலில் இருந்த எண்ணைத்தான் நம்பினேன்.

அதனால் முதலில் குடோனுக்குப் போங்கள். எந்த நூல், எத்தனை மாதமாக அசையவில்லை, கடைசியாக என்ன விலைக்கு விற்றது என்று பார்த்து, உங்கள் கணக்கை ஒரு தாளில் எழுதித் தேதி போடுங்கள். அப்புறம் பழைய எண்ணைப் பாருங்கள். கம்பெனி சொல்லும் எண்ணைக் கடைசியில் கேளுங்கள். உங்கள் எண்ணை மாற்றினால், எந்த பில்லைப் பார்த்து மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். ‘மேனேஜர் விளக்கினார்’ என்பது போதாது.

பழக்கமும் கண்ணை மறைக்கும். “பேங்க் லெட்டரை நானே வாங்கித் தந்துடறேன் சார்” என்பார் பல வருடம் பழகிய அக்கவுன்டன்ட். நல்ல மனதோடுதான் சொல்வார். ஆனாலும் கணக்கு இருப்பை உறுதி செய்யக் கேட்கும் கடிதம் நம் கையிலிருந்து போய், பதில் பேங்கிலிருந்து நேராக நமக்கு வர வேண்டும். எஸ்ஏ 505 என்ற தணிக்கைத் தரநிலை கேட்பது அதைத்தான். 2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவராக இருந்த ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தின்படி, கணக்கில் காட்டிய ரொக்கத்திலும் பேங்க் இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை. நான் அதை மறப்பதில்லை.

செப்டம்பர் 30 கெடு நெருங்கும்போது, அவசரத்தில் எல்லாமே சரியாகத் தெரியும். சிக்கலான மதிப்பீடுகளை ஜூலையிலேயே முடித்துவிடுங்கள்.

சீனியராக இருந்தால் உங்கள் கருத்தைக் கடைசியில் சொல்லுங்கள். முன்பே சொன்னால் ஜூனியர்கள் அதற்கேற்ற ஆதாரத்தையே தேடுவார்கள். போன மாதம் ஒரு பாக்கி வசூலாகிவிடும் என்று நினைத்திருந்தேன், வாய் திறக்கவில்லை. ஆர்டிகிள் பெண் தன் தாளில் ‘வராது’ என்று எழுதி, திரும்பி வந்த இரண்டு செக்குகளின் நகலை இணைத்திருந்தார். முழுத் தொகைக்கும் வராக்கடன் ஒதுக்கீடு கேட்டோம்.