பிரமிடின் 20 சென்டிமீட்டர் வழிக்குள் ரோபோவை ஏற்றி இறக்குவது

கீசாவின் பெரிய பிரமிடில் ராணி அறையிலிருந்து கிளம்பும் இரண்டு ஷாஃப்டுகளும், அதாவது குறுகிய சாய்வு வழிகளும், சுமார் 20 செ.மீ. சதுரம்தான். 1872இல் பிரிட்டிஷ் பொறியாளர் வேய்ன்மன் டிக்சன் சுவரை உடைத்தபோதுதான் அவை இருப்பதே தெரிந்தது. முதல் 2 மீட்டர் மட்டம். பிறகு 40 டிகிரிக்கு நெருக்கமான ஏற்றம். தெற்கு ஷாஃப்டில் 60 மீட்டருக்கு மேல் போனால் இரண்டு செம்பு முளைகள் பதித்த கல் பலகை வழியை மறிக்கும். ஜெர்மன் பொறியாளர் ருடால்ஃப் கான்டன்பிரிங்கின் உபுவாவுத்-2 ரோபோ 1993இல் அதைப் படமெடுத்தது.

இப்படிப்பட்ட வழிக்கு ரோபோ செய்பவர்கள் மோட்டாரைப் பற்றித்தான் முதலில் கவலைப்படுவார்கள். கேபிளில் தொடங்குங்கள். மீட்டருக்கு 30 கிராம் என்றாலும் 65 மீட்டருக்கு 2 கிலோ ஆகிவிடும். உராய்வுக் குணகம் 0.5 என்று வைத்தால், இந்தச் சரிவில் கேபிளின் முழு எடைக்குச் சமமான இழுவை அதற்கு மட்டுமே வேண்டும். 45 டிகிரி திருப்பம் ஒன்று குறுக்கிட்டால், திருப்பத்துக்குக் கீழே உள்ள இழுவை ஒன்றரை மடங்காகும். ஆகவே வாயிலில் ஒருவர் நின்று கேபிளைக் கையால் தளர்த்தி ஊட்ட வேண்டும். கேபிள் சுற்றிய உருளையை ரோபோ இழுக்கட்டும் என்று விடக்கூடாது.

6 கிலோ ரோபோ தன் எடையால் மட்டும் அங்கே நிற்காது. கூரையையும் அழுத்திப் பிடிக்க வேண்டும். கேபிளின் இழுவையையும் சேர்த்து, வழுக்காமல் இருக்க ஏறத்தாழ 4 கிலோ அழுத்தம் போதும்; மூன்று மடங்கு காப்புக்கு 16 கிலோ வையுங்கள் (ரோபோவின் எடை தரும் பிடி மூன்று மடங்காகாது, அதனால் 12 போதாது). சுண்ணாம்புத் தூள் படிந்தால் ரப்பர் சக்கரம் பிடி இழக்கும், கல்லையும் தேய்க்கும். மென்மையான அகலப் பட்டைகளால் பின்பகுதி இறுக்கிக்கொள்ள, முன்பகுதி நீண்டு நகரும் புழு நடைதான் எங்கள் தேர்வு. 2011இல் உள்ளே போன ஜெடி ரோபோவின் நடையும் அதுதான்.

விளக்கைக் கேமராவுக்குப் பக்கத்திலேயே வைத்தால் தூசிதான் பளிச்சிடும். ஓரத்திலிருந்து சாய்வாக அடியுங்கள். உளித் தடம் தெளியும். நகர்ந்து நின்றதும் தூசி அடங்கும்வரை படம் எடுக்காதீர்கள்.

பலகையை அடைந்தால் துளையிடுவது கடைசி வழி. முதலில் இடுக்கு தேடுங்கள். வடக்கு முகப்பின் பின்னால் உள்ள 9 மீட்டர் கூடத்தை 2023இல் பார்த்தது, கற்களின் இணைப்பு வழியே நுழைத்த 6 மி.மீ. எண்டோஸ்கோப் என்ற மெல்லிய குழாய்க் கேமராதான். இடுக்கே இல்லையென்றால் அல்ட்ராசவுண்டால் தடிமன் அளந்துவிட்டு, அனுமதி பெற்றுத் துளையிடலாம்: மெதுவான சுழற்சி, தட்டும் இயக்கம் கூடாது, தண்ணீர் கூடாது, தூளை உடனே உறிஞ்ச வேண்டும். தெற்குப் பலகையை 2002இல் துளைத்தபோது பின்னால் இன்னொரு கல் தெரிந்தது. ஜெடியின் 8 மி.மீ. பாம்புக் கேமரா அதே துளையில் நுழைந்து, இடையே தரையில் இருந்த சிவப்புக் குறிகளைக் காட்டியது. புதுத் துளை தேவைப்படவில்லை.

இறக்கத்தில்தான் அதிகம் மாட்டிக்கொள்ளும். கேபிளைச் சுருட்டும் வேகம் குறைந்தால் ரோபோ அதன் மேலேயே ஏறிச் சிக்கும். மின்சாரம் போனால் பட்டைகள் இறுகியே நிற்க வேண்டும், ஆனால் கேபிளுக்குள் ஓடும் கெவ்லார் என்ற உறுதியான இழையை இழுத்தால் விடுபடவும் வேண்டும். இதை 40 டிகிரி ஒட்டுப்பலகைக் குழாயில் சுண்ணாம்புத் தூள் தூவி, பாதி வழியில் மின்சாரத்தை நிறுத்திச் சோதியுங்கள். உள்ளே மாட்டியது எளிதில் வெளியே வராது: வடக்கு ஷாஃப்டில் டிக்சன் காலத்தது என்று கருதப்படும் இரும்புத் தண்டு 1993இலும் வழியை அடைத்துக்கொண்டுதான் கிடந்தது.