முக்திநாத் செல்வோர் காலை விமானத்தையே தேர்ந்தெடுங்கள்

நேபாளத்தின் பொக்காராவிலிருந்து, முக்திநாத் கோயிலுக்கு அருகே விமான நிலையம் உள்ள ஜோம்சோம் ஊருக்குச் செல்லும் சிறிய விமானங்கள், 8,000 மீட்டருக்கும் உயரமான அன்னபூர்ணா, தௌலகிரி சிகரங்களுக்கு இடையே காளி கண்டகிப் பள்ளத்தாக்கின் வழியாகப் பறக்கின்றன. வெயில் ஏறியதும் வடக்கிலுள்ள மேட்டுநிலம் சூடாகி அங்குள்ள காற்று மேலெழுவதால், அந்த இடத்தை நிரப்பத் தெற்கிலிருந்து வரும் காற்று குறுகிய பள்ளத்தாக்கில் நெருக்குண்டு, நண்பகலுக்கு முன்பே பலத்த வீச்சாகிவிடுகிறது. மலைமுகட்டைத் தாண்டிக் கீழிறங்கும் காற்றோட்டத்தில் சிக்கினால், காற்றின் அடர்த்தி குறைந்த அவ்வுயரத்தில் சிறிய விமானத்தால் மேலேறித் தப்புவது கடினம். தரையிறங்கும் தறுவாயில் காற்று திடீரெனத் திசை மாறுவது அதைவிட ஆபத்தானது. ஆகவே முதல் விமானத்திலேயே இருக்கை பதிவு செய்து, பயணத் திட்டத்தில் இரண்டு நாள்களைக் கூடுதலாக ஒதுக்கிவையுங்கள். விமானம் ரத்தானால் விமானியிடம் வாதாட வேண்டாம் (நம்மவர்கள் சிலர் வாதாடுவதுண்டு). ஜீப்பில் செல்லலாம், உடல் குலுங்கும், அவ்வளவுதான்.