‘பிலாக்ஸி புளூஸ்’ விமர்சனத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க நாடக ஆசிரியர் நீல் சைமனின் ‘பிலாக்ஸி புளூஸ்’ 1985இல் நியூயார்க்கின் பிராட்வேயில் மேடையேறி, அந்த ஆண்டின் சிறந்த நாடகத்துக்கான டோனி விருதை வாங்கியது. 1943இல் ப்ரூக்ளின் பையன் யூஜினும் இன்னும் சிலரும் மிசிசிப்பி மாநிலத்துப் பிலாக்ஸி நகருக்கு அடிப்படை ராணுவப் பயிற்சிக்குப் போகிறார்கள். அவ்வளவுதான் கதை. ஆனால் விமர்சனம் எழுத உட்கார்ந்தால் சறுக்குவதற்கு நிறைய இடம் இருக்கிறது.

பெரிய சறுக்கல், “வயிறு குலுங்கச் சிரிக்கலாம்” என்று எழுதி முடித்துவிடுவது. சிரிக்கலாம்தான். ஆனால் சிரிப்பு எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். கூடப் பயிற்சி எடுக்கும் வைகாவ்ஸ்கி யூதர்களை இழிவாகப் பேசும்போது, தானும் யூதனான யூஜின் வாயைத் திறப்பதில்லை. எழுத்தாளனாக ஆசைப்பட்டு எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொள்கிறவன், எதிலும் ஒரு பக்கம் நிற்க மாட்டான். இதை அந்தக் கூட்டத்தின் இன்னொரு யூதப் பையன் எப்ஸ்டைன் அவன் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுகிறான். அப்புறம் அந்த நோட்டு மற்றவர்கள் கையில் சிக்குகிறது. எப்ஸ்டைனைப் பற்றி யூஜின் எழுதியிருந்த வெறும் ஊகம், எழுத்தில் இருப்பதாலேயே உண்மையாகிவிடுகிறது. யூஜின் பார்வையாளர்களிடம் நேரடியாகப் பேசுகிறவன். நாமும் சுலபமாக அவன் கட்சியாகிவிடுவோம். நடிகர் கடைசிவரை செல்லப்பிள்ளையாகவே இருந்தாரா, இல்லை, நமக்கு அவன்மேல் கோபம் வரவும் இடம் கொடுத்தாரா? விமர்சனம் இதைச் சொல்லவில்லை என்றால் நாடகத்தில் பாதியை விட்டுவிட்டது என்றுதான் அர்த்தம்.

பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கும் சார்ஜென்ட் டூமியை வில்லன் என்று ஒரே வரியில் தள்ளிவிடுவதும் தவறு. போரில் அடிபட்டுத் தலையில் உலோகத் தகடு வைத்துக்கொண்டிருக்கும் மனிதர் அவர். இந்தப் பையன்கள் போகப்போகும் இடம் அவருக்குத் தெரியும். அவர் வெறுமனே கத்திக்கொண்டே இருந்தால் எப்ஸ்டைனின் பிடிவாதத்துக்கு மோத ஆள் இருக்காது. இருவருக்கும் நடக்கும் இழுபறி எடுபட்டதா என்று எழுதுங்கள்.

1988இல் வந்த படத்தை அளவுகோலாக வைக்காதீர்கள். அதில் டூமியாக வந்த கிறிஸ்டோபர் வாக்கனின் அமைதியான குரல் எல்லோர் காதிலும் இருக்கிறது. பிராட்வேயில் அந்த வேடம் ஏற்றவர் வில்லியம் சாட்லர். மேடை டூமி வாக்கனைப் போல இல்லை என்பது ஒரு குறையே அல்ல.

காலத்தையும் குழப்பக்கூடாது. கட்டாய ராணுவச் சேவைக்கான வயதை அமெரிக்கா 18 ஆகக் குறைத்தது 1942 நவம்பரில். இந்த ராணுவ முகாமில் இருப்பவர்கள் அப்படி அழைக்கப்பட்ட தலைமுறை. வியட்நாம் காலத்துக் கோபத்தை இவர்களிடம் தேடி, கிடைக்கவில்லை என்று குறை சொல்வது நியாயமில்லை. தொப்பி, பட்டன் சரியில்லை என்று பத்தி பத்தியாக எழுதுவதும் வீண். அதைவிட, வசனம் இல்லாத நேரத்தில் மற்ற பையன்கள் என்ன செய்தார்கள் என்று கவனியுங்கள். ஒருவன் தவறுக்கு இன்னொருவன் தண்டால் எடுக்கும் இடத்தில், எடுக்காதவனின் முகம்தான் முக்கியம்.

கடைசியாக, இரண்டாம் பாகத்தில் டூமி குடித்துவிட்டு எப்ஸ்டைனைக் கூப்பிடும் காட்சி. அது எப்படி முடிகிறது என்று தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். பதற்றம் நின்றதா, நடுவில் யாராவது அசட்டுத்தனமாகச் சிரித்தார்களா, அதைச் சொன்னால் போதும்.