கடன் கொப்பியும் கணக்குக் காட்டலும்: வன்னிச் சிறு கடைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

இலங்கையின் வன்னிப் பகுதியில் பலசரக்குக் கடையோ உரக் கடையோ நடத்தும் எவரும் கடன் கொடுக்காமல் வியாபாரம் செய்வது அரிது. ஐப்பசியில் காலபோக (பெரும்போக) விதைப்புக்கு வாங்கிய விதைநெல்லுக்கும் உரத்துக்குமான காசு தை, மாசியில் அறுவடை முடிந்த பின்னரே கடைக்கு வந்து சேரும். இடைப்பட்ட மாதங்களில் இரு தரப்புக்கும் சாட்சியாக இருப்பது கடன் கொப்பி ஒன்றுதான். அக்கொப்பி கடைக்காரரின் மேசை லாச்சிக்குள் மட்டுமே கிடப்பதுதான் அறுவடைக் காலப் பிணக்குகள் பலவற்றுக்கு வேர் என்பது என் உறுதியான எண்ணம். நேர்மையான வியாபாரி தன் கணக்கை மற்றவர் சரிபார்க்கும் நிலையில் வைத்திருக்க வேண்டும்.

முதலில், ஒவ்வொரு கடன் வாடிக்கையாளருக்கும் இரண்டு கொப்பிகளை ஒதுக்குங்கள். கடையில் ஒரு சி.ஆர். கொப்பியும் (தடித்த அட்டை போட்ட பெரிய கொப்பி), அவர் வீட்டில் ஒரு சிறு பள்ளிக் கொப்பியும் இருக்கட்டும். பொருள் கடையை விட்டு வெளியேறும் முன்பே திகதி, பொருள், அளவு, விலை, வாங்கிச் சென்றவர் பெயர், மொத்த நிலுவை ஆகியவற்றை இரண்டிலும் எழுதிவிட வேண்டும். மாலையில் நினைவிலிருந்து எழுதலாம் என்று விடும்போதுதான் பிழை நுழைகிறது. "அக்கா, கொப்பியையும் கொண்டு வாங்கோ" என்று முதல் சில வாரங்கள் சலிக்காமல் சொல்ல வேண்டியிருக்கும். கொப்பியை மறந்து வந்தவருக்குக் காபன் வைத்துப் பில் எழுதிக் கொடுங்கள். வாசிக்கத் தெரியாத முதியவருக்கு எழுதியதை உரக்க வாசித்துக் காட்டுவதுடன், வீட்டில் படிக்கும் பிள்ளையிடமும் காட்டும்படி சொல்லுங்கள். பிழையாக எழுதியதை அழிக்காமல் ஒரே கோட்டால் வெட்டி, இருவரும் பக்கத்தில் கையொப்பமிடுவது நல்லது. கடன் விலை கைக்காசு விலையிலும் கூடுதலாயின், இரண்டையும் விற்கும்போதே சொல்லி எழுதிவிட வேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், விலைப்பட்டியலைக் கண்ணில் படும்படி வைக்கவும், கேட்பவருக்குப் பற்றுச்சீட்டு வழங்கவும் வியாபாரியைக் கட்டாயப்படுத்துகிறது. கேளாதவருக்கும் கொடுப்பதே என் பரிந்துரை.

கடனுக்கு நெல்லை ஈடாகப் பெறுபவர்கள் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை இடுவித்து, அளவு தெரியும் பக்கத்தை விவசாயியை நோக்கித் திருப்பி வையுங்கள். ஈரத்துக்கும் சாக்குக்கும் பதருக்கும் என்று மூடைக்கு இத்தனை கிலோ கண்மதிப்பில் கழிக்கும் வழக்கத்தை நான் ஏற்கவில்லை. ஆறு மாதம் வெயிலிலும் மழையிலும் நின்றவருடைய உழைப்பு அந்தக் கழிவில்தான் சத்தமில்லாமல் கரைகிறது. அரசின் நெல் சந்தைப்படுத்தல் சபை தன் உத்தரவாத விலைக்கு 14 வீத ஈரப்பதனை அளவாகக் கொள்வதால், ஈரமானி ஒன்றை வாங்கி அல்லது இரவல் பெற்று, அவர் முன்னிலையில் அளந்து, வெறுஞ்சாக்கையும் தனியே நிறுத்து, கழித்ததற்கான காரணத்தை அவருடைய கொப்பியில் எழுதிக் கொடுங்கள். நெல்லின் விலை எந்த நாளின் விலை என்பதைக் கடன் கொடுக்கும்போதே பேசி முடித்துவிட வேண்டும்.

விளைச்சல் பொய்க்கும் போகமும் வரும். 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களை வெள்ளம் தாக்கியது போன்ற வேளைகளில், சொல்லாமல் வட்டியை ஏற்றுவது நம்பிக்கையை முறித்துவிடும். கடன்காரரை வரவழைத்து, நிலுவையை இருவருமாகக் கூட்டிப் பார்த்து, புதிய தவணையை இரண்டு கொப்பிகளிலும் எழுதுங்கள். லீசிங் தவணையும் நுண்கடனும் ஏற்கெனவே ஒரு குடும்பத்தை நெருக்குகின்றன என்று தெரிந்தால், கடன் தொகையைக் குறைத்துக் கொடுப்பதும் அதற்கான காரணத்தை நேரே சொல்வதும் அக்குடும்பத்துக்குச் செய்யும் நன்மையே.

அடுத்து உங்கள் பக்கத்தைப் பாருங்கள். கடையிலிருந்து வீட்டுக்குப் போகும் அரிசியையும் சீனியையும் உங்கள் பெயரில் ஒரு பக்கம் திறந்து எழுதி, உங்களுக்கென மாதச் சம்பளம் ஒன்றை நிர்ணயித்து, அதற்கு மேல் எடுத்ததைக் கடனாகவே கொள்ளுங்கள். பலருக்கு இதுவே மிகக் கடினமான படி, ஏனெனில் தன் கைச்செலவைத் தானே எழுதி வாசிப்பவர் தன் பழக்கங்களை மாற்றாமல் இருக்க முடியாது. மாதத்துக்கு ஒரு முறை, கடையில் பங்கில்லாத ஒருவரிடம், ஓய்வுபெற்ற ஆசிரியரோ கூட்டுறவுச் சங்கக்கடைக் கணக்கில் பழகியவரோ ஆகட்டும், கொப்பிகளை ஒப்பிடக் கொடுங்கள். உங்களுக்குச் சாதகமான பிழை அகப்பட்டால், அன்றே வாடிக்கையாளரின் வீட்டுக்குச் சென்று காசைத் திருப்பிக் கொடுத்துக் கணக்கைத் திருத்துங்கள்.

கடையில் வேலைக்கு நிற்பவருக்கும் நீங்கள் கணக்குக் காட்ட வேண்டியவரே. அவருடைய சம்பளத்தில் 8 வீதத்தைக் கழித்து, உங்கள் பங்காக 12 வீதத்தைச் சேர்த்து ஊழியர் சேமலாப நிதிக்கும், மேலும் 3 வீதத்தை உங்கள் கையிலிருந்து ஊழியர் நம்பிக்கை நிதிக்கும் அடுத்த மாத முடிவுக்குள் செலுத்திவிட்டு, செலுத்திய பற்றுச்சீட்டுகளை அவரிடமே காட்டுங்கள்.